மேல்வரிசையில் அமர்ந்திருந்த எழுவர்

சுண்டன்விளையில் ஆட்டம் பார்க்க வருகிறவர்கள் கைதட்டுவது கிடையாது. கைதட்டல் மேடைப் பேச்சுக்கு உரியது, கபடி பார்ப்பவன் காலால்தான் பேசவேண்டும் என்னும் கொள்கை எக்காலத்திலோ எங்கள் ஊரில் நிலைபெற்றுவிட்டபடியால், நம்மவன் ஒருவன் எதிரணிக்காரனைத் தொட்டுவிட்டு நடுக்கோட்டுக்குத் திரும்பினால் ஒரு மிதியும், எதிரணிக்காரன் நம் பிடியில் சிக்கினால் இரு மிதியும், கோப்பை கிடைத்தால் மூன்று மிதியும் என்று எல்லோரும் ஒரே சமயத்தில் இருக்கைப் பலகையைக் காலால் மிதிப்பார்கள். அந்த ஓசை செம்மணல் மேடான தேரியைக் கடந்து மூன்று கல் தொலைவிலுள்ள குருவிக்காடு வரை எட்டும் என்றும், அதைக் கேட்டு அவ்வூர்க் கோழிகள் பட்டப்பகலிலேயே கூட்டுக்குள் அடைந்துவிடும் என்றும் நாங்கள் சொல்லிக்கொள்வதுண்டு. குருவிக்காட்டார் இதை ஒப்புக்கொண்டதில்லை.

அந்த ஆண்டு சித்திரையில் கோயில் கொடைவிழாவுக்கு மறுநாள் நடந்த இறுதியாட்டத்திற்காக, ஆடுகளத்தின் கிழக்குப் பக்கம் சவுக்குக் கம்புகளை நட்டு, பலகை பரப்பி, ஒரு கேலரி கட்டப்பட்டது. அனுமதி வாங்கிய வரைபடத்தில் எட்டு வரிசைகளே இருந்தன. ஆட்டம் குருவிக்காட்டோடு என்று தெரிந்ததும் கூட்டம் பெருகும் என எண்ணிய விழாக்குழுச் செயலாளர் மாசானமுத்து, உரக்கடை நடத்துபவர், எதிலும் முன்னால் நிற்பவர், மேலே இன்னும் இரண்டு வரிசைகளை ஏற்றச் சொன்னார். இரும்புப் பிடிகள் எட்டு வரிசைக்கே சரியாக இருந்ததால் ஒன்பதாவதும் பத்தாவதும் தேங்காய்நார்க் கயிற்றால் கட்டப்பட்டன. பந்தல்காரர் தயங்கியபோது, "ஆளுக ஏறி உக்காந்தா அந்தக் கனத்துலயே கம்பு இறுகிக்கிடும்வே, கெட்டும்" என்று மாசானமுத்து சொன்னதைப் பலர் கேட்டார்கள். கேட்டவர்களில் ஒருவரும் அதைத் தவறு என்று நினைக்கவில்லை, நானும் நினைக்கவில்லை.

ஆட்டம் முடிய ஒரு நிமிடம் இருக்கையில் இரு அணியும் முப்பத்தோரு புள்ளிகளில் இருந்தன. அந்த முப்பத்தோராவது புள்ளியை நம்மவன் எடுத்தபோது கேலரியிலிருந்த அத்தனை பேரும் ஒரு மிதி மிதித்தார்கள். மாலை ஐந்து மணி பத்து நிமிடம். கேலரி முதலில் வடக்கே சாய்ந்தது, பிறகு ஏதோ யோசிப்பதுபோல் நின்றது, பிறகு தெற்கே மடிந்து தரையோடு படுத்தது. புழுதி எழுந்து கோயில் கோபுரத்தை மறைத்தது. கம்புகளுக்கிடையிலிருந்து நாற்பத்திரண்டு பேரை வெளியே இழுத்தோம். கை ஒடிந்தவர்கள், கால் ஒடிந்தவர்கள், பல் போனவர்கள் இருந்தார்களே தவிர, இறந்தவர் ஒருவரும் இல்லை. இதற்கு நன்றி சொல்லலாம் என்று எல்லோரும் கோயிலின் பக்கம் திரும்பியபோதுதான், புழுதி அடங்கி, மேலே வானத்தில், பத்தாம் வரிசை இருந்த உயரத்தில், எழுவர் வரிசையாக அமர்ந்திருப்பதைக் கண்டோம்.

அவர்களுக்கு அடியில் பலகை இல்லை, கம்பு இல்லை, காற்றைத் தவிர ஒன்றும் இல்லை. ஆனாலும் அவர்கள் முழங்கால்மேல் கைகளை ஊன்றி, ஆட்டம் நின்றுபோனதில் எரிச்சல் கொண்டவர்களாய், களத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஏலே, ஆட்டத்த ஏம்ல நிப்பாட்டிட்டிய?" என்று அவர்களில் ஒருவனான சுயம்பு கத்தினான். லோடு ஆட்டோ ஓட்டுகிறவன். உயரத்தில் ஏறி உட்கார்ந்தால்தான் ஆட்டம் ஆட்டமாகத் தெரியும் என்று சொல்லிப் பத்தாம் வரிசைக்கு முதல் ஆளாக ஏறியவன். "தோத்துருவோம்னு பயந்துட்டான்வளா குருவிக்காட்டுக்காரன்வ?"

நடுவர் ஞானதீபம் வெளியூரிலிருந்து அழைக்கப்பட்ட உடற்பயிற்சி ஆசிரியர். எதையும் இருமுறை யோசித்த பின்பே ஊதுகிறவர். அவர் மேலே பார்த்தார், சரிந்து கிடந்த கம்புகளைப் பார்த்தார், தம் நிறுத்தற் கடிகாரத்தைப் பார்த்தார். ஆட்டம் முடிந்தது என்று அறிவித்தால் எழுவரும் எழுந்து படியிறங்குவார்கள், படி இல்லை. இதை அந்த இடத்தில் முதலில் உணர்ந்தவர் அவர்தான். உடனே கடிகாரத்தை நிறுத்திச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு, உதட்டில் ரத்தத்தோடு நின்றிருந்த குருவிக்காட்டு அணித்தலைவன் செல்வினிடம் மெல்லச் சொன்னார்: "பாடிப் போ தம்பி. யாரையும் தொடாதே. போய்விட்டு வா." செல்வின் பாடிப் போனான், யாரையும் தொடாமல் வந்தான். பின்பு நம்மவன் பாடிப் போனான். யாரையும் தொடாமல் வந்தான். சூரியன் விழும்வரை அப்படியே நடந்தது. இருட்டியதும் எழுவரும் திறந்த கண்களோடு அசைவற்றுப் போனார்கள். நாங்கள் அண்ணாந்து பார்த்து நின்று, பிறகு வீட்டுக்குப் போனோம்.

மறுநாள் தீயணைப்பு வண்டி வந்தது. கீழே ஆள் மார்பளவு வைக்கோல் பரப்பி, ஏணியை நீட்டி, வரிசையின் ஓரத்தில் அமர்ந்திருந்த அருளப்பனை நெருங்கினார்கள். ஐந்து மணி பத்து நிமிடத்துக்கு அருளப்பன் கண்சிமிட்டி விழித்தபோது, ஏணியில் நின்ற வீரர் நல்ல மனத்தோடு, "அண்ணாச்சி, பதறாதீய. கேலரி சரிஞ்சிட்டு. என் கையப் புடிச்சிக்கிடுங்க" என்றார். அருளப்பன் கேலரி எங்கே என்று குனிந்து பார்த்தார். பார்த்த கணத்தில் விழுந்தார். வைக்கோலின்மேல்தான் விழுந்தார், ஆனால் தூக்கியபோது உயிர் இல்லை; மருத்துவமனையில் அவர் மார்பிலிருந்து ஒரு சாண் நீளச் சவுக்குச் சிராய் எடுக்கப்பட்டது, கழுத்தில் நார்க்கயிற்றின் தடம் இருந்தது. இது நேற்று மாலை ஐந்து பத்துக்குப் பட்ட காயம் என்று மருத்துவர் எழுதினார். அவர்கள் ஒவ்வொருவருக்கும் நேற்றைய வீழ்ச்சி அங்கேயே காத்திருக்கிறது என்பதும், அதற்கு வைக்கோலோ வலையோ தடையாகாது என்பதும், தெரிந்துகொள்ளாதவரை ஒருவரும் விழமாட்டார் என்பதும் எங்களுக்கு விளங்கியது இவ்வாறே.

ஆகவே அறுவருக்கும் தெரியாமல் பார்த்துக்கொள்வது ஊரின் வேலையாயிற்று.

எந்த வேலையும் முதல் வாரத்தில் கடினமாகவும், இரண்டாம் மாதத்தில் வழக்கமாகவும், ஆறாம் மாதத்தில் தொந்தரவாகவும் ஆகிவிடுகிறது. நாள்தோறும் நாலரை மணிக்குக் குருவிக்காட்டிலிருந்து வேன் வரும். ஐந்து பத்துக்கு மேலே கண்கள் திறந்துகொள்ளும். உடனே ஒருவன் பாடிப் போகவேண்டும். பார்வையாளர்களாக ஊரில் தெருவுக்கு ஒரு நாள் முறை வைக்கப்பட்டது. அன்று உடுத்தியிருந்ததையே உடுத்தி, அன்று நின்ற இடத்திலேயே நிற்கவேண்டும் என்பது விதி. தையற்காரர் இருதயம் முந்நூறு சட்டைகளுக்கு அதே நிறத் துணி தேடித் தூத்துக்குடிக்கும் மதுரைக்கும் அலைந்தார். முடிவெட்டுகிறவர் ஒவ்வொரு தலையையும் சித்திரை மாத நீளத்துக்கே வெட்டினார். இடையில் மீசை வைத்தவர்கள் மூன்றரை மணிக்கு மழித்துக்கொண்டார்கள். எங்கள் பக்கத்தில் ஆட்டமிழந்தவனைச் 'செத்தான்' என்றும், திரும்பி ஆட வருகிறவனை 'உயிர் வாங்கினான்' என்றும் சொல்வது மரபு. ஒலிபெருக்கியில் அந்த முதற்சொல் இனிக் கூடாது என்று குழு தீர்மானித்தது. யாரும் யாரையும் தொடாத ஆட்டத்தில் எவனும் ஆட்டமிழக்கப்போவதில்லை. இருந்தாலும் தீர்மானம் எழுதப்பட்டது, அறிவிப்பாளர் கையெழுத்திட்டார்.

மேலே இருந்தவர்களுக்கு ஒவ்வொரு மாலையும் முந்தைய மாலையோடு தையல் தெரியாமல் ஒட்டிக்கொண்டது. அவர்கள் பசியறியவில்லை, முதிரவில்லை, அலுப்படையவில்லை; வைதார்கள்.

"தொடுல! கோழி மேயுற மாதிரில்லா சுத்திட்டு வாரான்!"

"அவன் அக்காளக் குருவிக்காட்டுல கெட்டிக் குடுத்துருக்கு. மச்சான எப்பிடித் தொடுவான்?"

வழக்கம்போல மிதிக்கவும் செய்தார்கள். பலகை இல்லாத காற்றிலிருந்து பலகையின் ஓசை வரும். கீழே நின்ற எங்களில் யாரும் அதன்பின் மிதித்ததில்லை.

மழை வலுத்த ஒரு கார்த்திகை மாலையில் வேன் தேரியில் புதைந்து நின்றுவிட்டது. ஐந்து பத்துக்கு வெற்றுக் களத்தைப் பார்த்து விழித்த சகோதரிகள் இருவர், "ஆட்டம் அம்புட்டுதாம் போலுக்கு, ஆறு மணி பஸ்ஸுக்குப் போயிருவோமா" என்று பேசிக்கொண்டே எழுந்தார்கள். தை மாதத்தில் அருளப்பனின் தங்கை மகன், மாமன்மீது கொண்ட அன்பால், களத்துக்கு எதிரேயுள்ள சுவரில் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி ஒட்டினான்; அருளப்பனுக்கு அடுத்த இடத்தில் அமர்ந்திருந்தவர் அதை எழுத்துக் கூட்டிப் படித்து முடித்தார். பங்குனியில் மின்கம்பிக்கு இடைஞ்சல் என்று வாகை மரம் ஒன்று வெட்டப்பட்டது. மரம் இருந்த இடத்தில் வானத்தைக் கண்ட ஒருவர் சற்று நேரம் அந்த வானத்தையே பார்த்திருந்தார். ஆறாமவர் வைகாசியில் காரணம் எதுவும் இல்லாமல் விழுந்தார். ஒவ்வொரு முறையும் மருத்துவர் அதே நாளை எழுதினார், கிராம நிர்வாக அலுவலரின் பதிவேட்டிலும் அதே சித்திரை நாளே ஏறியது. ஒவ்வொரு முறையும் மறுநாள் நாலரைக்கு வேன் வந்தது. நாங்கள் அழவில்லை என்று சொல்லமுடியாது. அழுவதற்குரிய இடத்தை அடையாளம் வைத்துவிட்டு வேலைக்குப் போனோம் என்று சொல்லலாம்.

இப்போது மேலே சுயம்பு மட்டும் இருந்தான்.

அவன் மனைவி லிங்கபுஷ்பம் பீடி சுற்றுகிறவள். இறுதியாட்டத்தன்று ஐந்து மாதம். களத்தின் மேற்கே பெண்கள் நிற்கும் கயிற்றருகில், வெள்ளைப் புள்ளியிட்ட கிளிப்பச்சைச் சேலையில் நின்றிருந்தாள். அதனால் அங்கேயே அதே சேலையில் நாள்தோறும் நிற்கவேண்டியவளானாள். முதல் நான்கு மாதங்கள் வளரும் வயிற்றைச் சேலை மடிப்பால் மறைத்தாள். ஆவணியில் பெண் குழந்தை பிறந்தது. அடுத்த பதினாறு நாட்கள் அவள் தங்கை தலைகுனிந்து அங்கே நின்றாள். பதினேழாம் நாளிலிருந்து புஷ்பம் ஒரு பருத்தி விரிப்பை ஐந்து மாத அளவுக்கு மடித்து வயிற்றில் கட்டிக்கொண்டு வந்தாள். குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட்டு வருவாள். அது பசித்து அழும் நேரமும் மேலே கண்கள் திறக்கும் நேரமும் ஒன்றாக இருந்தபடியால், ஐந்து பத்துக்கு அவளுக்குப் பால் சுரந்து ரவிக்கையை நனைத்து, கட்டியிருந்த விரிப்பில் இறங்கும். அவள் முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டு அண்ணாந்து நிற்பாள்.

"ஏ புஷ்பம், வெயிலு முதுகுல அடிக்குல்லா? வயித்துப் புள்ளக்காரி, வீட்டுக்குப் போயேன்டி!"

"நீங்க வாங்க, சேந்து போவோம்."

"இன்னும் ஒரு நிமிசந்தாம். ஆனா என்னட்டி இது, இந்த ஒரு நிமிசம் இம்புட்டு நீளமா இருக்கு?"

"கடைசி நிமிசம் நீளமாத்தாம் இருக்கும்."

இவ்வளவுதான் அவர்களுடைய இல்வாழ்க்கை. ஊர் அதைப் பார்த்துப் பழகிவிட்டது, அவளும் பழகிவிட்டாள். குழந்தை குப்புற விழுந்தது, தவழ்ந்தது, சுவரைப் பிடித்து நின்றது. ஒவ்வொன்றையும் அவள் அவனிடம் சொல்ல வாயெடுத்து, விரிப்பின் முடிச்சைத் தொட்டுப் பார்த்து, விட்டுவிடுவாள்.

ஆறாமவர் விழுந்த பதினைந்தாம் நாள் சுயம்பு, "ஒஞ் சேலை என்னட்டி இப்பிடி வெளுத்துட்டு? காலையில புதுசால்லா இருந்துச்சி" என்றான்.

"வெயிலுக்கு அப்பிடித் தெரியும்" என்றாள்.

அன்று இருட்டியபின் அவள் நேரே வீட்டுக்குப் போகவில்லை. இறந்த அறுவரின் வீடுகளுக்கும் போனாள். எல்லா இடத்திலும் ஒரே கேள்வியைக் கேட்டாள்: "கடைசியா என்னத்தப் பாத்தாவ?" வெறுங்களம் என்றார்கள். சுவரொட்டி என்றார்கள். மரமில்லாத இடம் என்றார்கள். அருளப்பனின் மனைவி, "ஏணிக்குக் கீழ, சும்மா, வைக்கலு" என்றாள். ஆறாமவரின் வீட்டில் தெரியாது என்றார்கள். புஷ்பம் தலையை அசைத்துவிட்டு வந்தாள்.

மறுநாள் காலையில் நூலகத்து முன்னறையில் நடுவர் ஞானதீபம் அவளை அழைத்து உட்காரவைத்தார். அவர் ஓராண்டுக்கு மேலாக அந்த அறையில்தான் தங்கியிருந்தார்; அவருடைய பள்ளிக்கூடம் வேறொருவரை நியமித்துவிட்டது. காகிதக் கோப்பு ஒன்றை எடுத்து அவள் முன் விரித்தார்.

"அம்மா, விபத்து நடந்த மூன்றாம் நாளே விசாரணை அதிகாரி வந்தார். அறுவர் இன்னும் மேலே இருக்கிறார்கள், ஆகவே விபத்து முடியவில்லை, முடியாத விபத்தை விசாரிக்க விதியில் இடமில்லை என்று எழுதிவிட்டுப் போனார். அதிலிருந்து மாதாமாதம் கடிதம் வருகிறது. 'மேற்படி விபத்து நிறைவுற்றதா?' என்று கேட்கிறார்கள். 'இல்லை, நடைபெற்று வருகிறது' என்று செயலாளர் பதில் எழுதுகிறார். ஆட்டம் தொடர்கிறது என்று நான் கீழே கையெழுத்திடுகிறேன்."

"விபத்து முடிஞ்சா என்ன ஆவும் சார்?"

"கயிற்றைப் பற்றிக் கேட்பார்கள். பத்தாம் வரிசை வரைபடத்தில் ஏன் இல்லை என்று கேட்பார்கள்."

அவள் கோப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பதினான்கு பதில்களும் ஒரே கையெழுத்தில், ஒரே சொற்களில் இருந்தன. அந்தப் பதினான்கு மாதங்களும் மாசானமுத்துதான் வேனுக்கு ஏற்பாடு செய்தார், துணி வாங்கிக் கொடுத்தார், மழைநாளில் தாமே தேரிக்கு ஓடி வேனைத் தள்ளினார், சகோதரிகள் விழுந்த அன்று எல்லோரையும்விடச் சத்தமாக அழுதார். அத்தனையும் அன்பு என்றே நாங்கள் நம்பினோம். அவரும் நம்பியிருக்கக்கூடும்.

அன்று இருட்டியதும் விழாக்குழு கூடியது. புஷ்பம் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள்.

"நாளைக்கு எம் புள்ளயக் களத்துக்குக் கொண்டு வாரேன்" என்றாள்.

மாசானமுத்து எழுந்து வந்தார். "மைனி, அவசரப்படப்படாது. அவன் கண்ணுல இது பட்டா என்ன ஆவும்னு ஒங்களுக்குத் தெரியாதா? ஊரே ஒத்த ஆளுக்காவப் பாடுபடுது. ஒங்க தாலிய நாங்க காப்பாத்திட்டு வாரோம், நீங்களே அத—"

"தாலியயா காப்பாத்துதிய?"

"பின்ன?"

"விசாரண வந்தா ஒங்களுக்குக் கஷ்டம்னு சொல்லுங்க, அண்ணாச்சி. கேட்டுக்கிடுதேன். எங்க வீட்டுக்காரருக்குக் கஷ்டம்னு சொல்லாதீய."

மாசானமுத்துவின் முகம் மாறவில்லை. கையிலிருந்த தேநீர்க் குவளையை எங்கே வைப்பது என்று தெரியாமல் சுற்றிலும் பார்த்தார். குழுவில் ஒருவர், "அவ புத்தி கலங்கியிருக்கு" என்றார். இன்னொருவர், "அடுத்த கொடை வரைக்கும் பொறுத்துக்கிடட்டும்" என்றார்.

"ஆறு பேரு போயிட்டாவ" என்றாள் புஷ்பம், யாரையும் பார்க்காமல். "வைக்கலப் பாத்துட்டு ஒருத்தரு. போஸ்டரப் பாத்துட்டு ஒருத்தரு. இவரு சேலை வெளுத்துட்டுன்னு கண்டுபிடிச்சிட்டாரு. இன்னைக்கோ நாளைக்கோ எதையாவது பாக்கத்தாம் போறாரு. அது என்னதுங்கிறத நாந்தாம் சொல்லணும். மாசானமண்ணன் சொல்லப்படாது."

செல்வின், குருவிக்காட்டுக்காரன், குழுவில் இடமில்லாதவன், சன்னலுக்கு வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்தான். "நாளைக்குப் பாட்டு என் முறதாம்க்கா" என்றான். "நீ வரும்போது நிப்பாட்டிருதேன்." தடுக்கும் தீர்மானம் ஒன்றை எழுதத் தாள் தேடினார்கள். எழுதினார்களா என்று எனக்கு நினைவில்லை.

மறுநாள் எந்தத் தெருவின் முறை என்று பார்க்காமல் எல்லாத் தெருக்காரர்களும் வந்தார்கள். ஐந்து பத்துக்குச் சுயம்பு கண் விழித்தான். செல்வின் பாடிப் போனான். பாதிக் களத்தில் பாட்டை விட்டு நின்றான். மேற்குக் கயிற்றை உயர்த்தி, மாம்பழ நிறச் சேலையில், வயிறு தட்டையாக, குழந்தையை இடுப்பில் ஏந்தி, லிங்கபுஷ்பம் நடுக்கோட்டுக்கு வந்தாள். மாசானமுத்து ஓரடி முன்னால் வைத்தார். ஞானதீபம், ஒரு வீரனைக் களத்துக்கு வெளியே நிறுத்துவதுபோல், கையை நீட்டி அவரை நிறுத்தினார்.

"ஏட்டி, களத்துக்குள்ள என்ன வேல ஒனக்கு?" என்று மேலிருந்து குரல் வந்தது. "அது யாரு புள்ள? எடுத்துட்டுப் போ, இடிச்சித் தள்ளிறப் போறான்வ!"

புஷ்பம் குழந்தையைக் கீழே இறக்கி நிற்கவைத்தாள். அது அவள் விரலைப் பிடித்துக்கொண்டு, எல்லோரும் பார்க்கும் இடத்தை நோக்கித் தானும் அண்ணாந்து பார்த்தது.

"நம்ம புள்ளதாம்" என்றாள்.

சுயம்பு சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்தினான். அவள் வயிற்றைப் பார்த்தான், சேலையைப் பார்த்தான், குழந்தையைப் பார்த்தான். அவன் கண் கீழே, தன் காலடிக்கு, இறங்கவேண்டிய நேரம் வந்தும் அது இறங்கவில்லை. குழந்தையின்மேலேயே நின்றது.

"பொம்பளப் புள்ளயா?"

"ஆமா."

"பல்லு மொளச்சிட்டா?"

"நாலு. மேல ரெண்டு, கீழ ரெண்டு."

"நடக்குதா?"

"ஆவணி வந்தா ஒரு வயசு. புடிச்சிக்கிட்டு நடக்கா."

"வுடு, பாப்போம்."

புஷ்பம் விரலை விடுவித்துக்கொண்டாள். குழந்தை தனியே நின்றது. ஒரு காலை எடுத்து வைத்தது, இன்னொரு காலை எடுத்து வைத்தது, சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டிக் குருவிக்காட்டுப் பக்கம் மூன்றடி போய், பொத்தென்று உட்கார்ந்தது. சுயம்பு மேலே தன்னையறியாமல் இரு கைகளையும் நீட்டினான்.

"மண்ணு சுடும், தூக்கு" என்றான்.

அவள் தூக்கினாள்.

"எத்தன நாளாட்டி நான் இங்கன உக்காந்திருக்கேன்?"

"பதினாலு மாசம்."

"மத்தவங்க?"

அவன் தன் இருபுறமும் பார்த்தான். காலியாக இருந்த அந்த ஆறு இடங்களையும், ஒவ்வொன்றாக, எண்ணுவதுபோல் பார்த்தான். பிறகு மறுபடியும் குழந்தையை வெகுநேரம் பார்த்தான். அவ்வளவு நேரம் யாரும் எதையும் பார்த்து நான் கண்டதில்லை. களத்தில் நின்ற பதினான்கு பேரும் நிழல் நீளும்வரை அசையவில்லை. "முகத்தத் திருப்பிக்கோ, புள்ளயும் பாக்காண்டாம்" என்று அவன் சொன்னது எல்லோருக்கும் கேட்டது. புஷ்பம் குழந்தையின் தலையைத் தன் தோளில் அழுத்திக்கொண்டு திரும்பி நின்றாள். அதன் பிறகே அவன் குனிந்து பார்த்தான்.

ஞானதீபம் சட்டைப்பையிலிருந்து கடிகாரத்தை எடுத்தார். எஞ்சியிருந்த அந்த ஒரு நிமிடத்தை ஓடவிட்டு, முடியும்வரை நின்று, ஆட்டம் முடிந்தது என்று அறிவித்தார். முப்பத்தொன்று, முப்பத்தொன்று. யாரும் கலையவில்லை. கலைவது எப்படி என்பது எங்களுக்கு மறந்துபோயிருந்தது. குருவிக்காட்டு வேனின் ஓட்டுநர் வந்து, "ஏறலாமா?" என்று யாரிடம் கேட்பது எனத் தெரியாமல் எல்லோரிடமும் பொதுவாகக் கேட்டார்.

மூன்றாம் நாள், விசாரணை அதிகாரி வந்து கயிற்றின் மிச்சத்தை அளந்துகொண்டிருந்த வேளையில், புஷ்பம் குழந்தையோடு கிராம நிர்வாக அலுவலரின் முன் உட்கார்ந்திருந்தாள். அலுவலர் இளைஞர், மரியாதை தெரிந்தவர். மருத்துவரின் சீட்டை வாசித்துவிட்டுப் பதிவேட்டை விரித்தார்.

"இறப்புக்குக் காரணம், கேலரி சரிந்து விழுந்தது. சரிதானம்மா?"

"சரி."

"இறந்த நாள், போன வருஷம் சித்திரை..."

"இல்ல. முந்தாநாளு."

அலுவலர் நிமிர்ந்தார். "டாக்டர் காயம் அன்னைக்குப் பட்டதுன்னு எழுதியிருக்காரும்மா. மத்த ஆறு பேருக்கும் அந்தத் தேதிதான் போட்டிருக்கு."

"மத்தவங்களுக்கு அதுவா இருக்கட்டும். இவ ஆவணியில பொறந்தா. நீங்க சித்திரைன்னு எழுதுனா, அப்பன் செத்தப்புறம் பொறந்தவன்னு ஆயிரும். அவரு இவளப் பாத்தாரு. நடக்கச் சொல்லிப் பாத்தாரு. ஊரே சாட்சி."

"கேலரி விழுந்தது பதினாலு மாசத்துக்கு முன்னால. இறந்தது முந்தாநாள். ரெண்டும் எப்படிம்மா பொருந்தும்?"

"பொருந்தாதுதாம்" என்றாள் லிங்கபுஷ்பம், மடியிலிருந்து பதிவேட்டின் நாடாவை இழுத்த குழந்தையின் கையை மெல்ல விலக்கியபடி. "எழுதுங்க."